எட்டெழுத்துக்குள்

மாத்திரை டப்பா ஒன்று,
ஞா தி செ பு வி வெ ச என்று ஏழு மூடி.
என் தைராய்டு மாத்திரை இப்போது அட்டையிலேயே கிடக்கிறது.
டப்பாவுக்குள் ஏழு மெமரி கார்டு.

ஞாயிற்றில் பறை, பம்பை, தகரம்.
திங்களில் ரயில்:
பேசின் பிரிட்ஜில் தண்டவாளம் மாறும்போது வரும் நாலு தட்டு,
கதவுக் கம்பியில் யாரோ மோதிரத்தால் போட்ட தாளம்.
செவ்வாய் முழுக்கத் தண்ணீர்.
லாரிக் குழாய், காலிக் குடம், பாதிக் குடம்,
வழிந்த பிறகு ஒரு பெண்
"போதும், நிறுத்துப்பா" என்பது.
புதன் பழுது.
எதில் செருகினாலும் ஃபார்மேட் செய்யவா என்று மட்டும் கேட்கும்.
இன்னும் ஆம் என்று சொல்லவில்லை நான்.

நாளை ஆழ்வார்பேட்டையில் நாற்பது நிமிடம்.
இன்றிரவு வியாசர்பாடியில், மாடி அறையில்,
இன்வெர்ட்டர் தாங்கும்வரை.

சாம்ப்ளருக்குப் பிடிவாதம்.
முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் தொடாது.
ரிச்சி தெருவில் சேவியோ பேரம் பேசி வாங்கிவந்த அறுபத்து நாலை
'கார்டு இல்லை' என்றது,
கார்டு அதன் வாய்க்குள் இருக்கும்போதே.
பெயர் எட்டெழுத்துதான், அதுவும் ஆங்கிலத்தில்.
தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாய்க் காட்டும்,
பூட்டிய வீடுகள் வரிசையாய் நிற்கிற மாதிரி.

அடக்கினோம்.
கீழ்ப்பாக்கத்து ஜெனரேட்டருக்கு உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கினோம்.
காசிமேட்டு ஏலத்துக்கு வால் போயிற்று.
ழகரம்தான் தொல்லை.
நான் இசட் எச் போடுவேன், அவன் ஒற்றை எல்.
அவன் மழை என்று வைத்தது
எனக்கு மலை, இன்னொரு தரம் பார்த்தால் மாலை.
தட்டிக் கேட்கும்வரை மூன்றும்தான்.

லேப்டாப் வேறு தன் பங்குக்கு
ஒவ்வொரு ஒலிக்கும் பக்கத்தில் ஒரு பேயை வைத்துவிட்டுப் போகிறது.
அதே பெயர், முன்னால் ஒரு புள்ளி, ஓர் அடிக்கோடு.
நாலு கேபி.
சாம்ப்ளர் அதையும் நம்பி வரிசையில் நிறுத்தும்.
தட்டினால் ஒன்றும் வராது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேய்களை அழித்தேன்.
ஒன்றை விட்டுவைத்தேன்,
ஒன்பதாம் பேடில் கொஞ்சம் மௌனம் தேவைப்பட்டது.

பதினொன்றே முக்கால். ஒத்திகை.
ஏழாம் பேடில் பள்ளி மணி:
பெரம்பூரில், வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை
வாட்ச்மேன் மேரிதாஸ் அடிக்க,
மூன்றாம் அடிக்கு ஒரு காகம் கிளம்பும்.
பி ஏ எல் எல் ஐ.
"நாளைக்கு எல்லாம் சரியா வரும் பாரு"
என்றான் சேவியோ.
ஏழைத் தட்டினேன்.

ச்ச் ச்ச் ச்ச்.

பல்லி.
ஜூன் மாதம் டியூப்லைட் ஓரத்தில் அவனே பதிந்தது.
அதே ஐந்தெழுத்து.
பின்னால் வந்து மணியின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.
பழையதை மாற்றவா என்று லேப்டாப் கேட்டிருக்கும்.
தூக்கத்தில் நான்தான் ஆம் என்றிருப்பேன்.
மணி இனி எந்தக் கார்டிலும் இல்லை.
இருந்தால் புதனில்.

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.
சேவியோ, சகுனம் பார்க்கிறவர்களை மேடையிலேயே கிண்டலடிப்பவன்,
சுட்டுவிரலை மடக்கி
மேசையை மூன்று முறை தட்டினான்.
தட்டியது அவனுக்கே தெரியவில்லை.
ஒத்திகையைப் பதிகிற சின்ன ரெக்கார்டருக்குத் தெரிந்திருந்தது.

பல்லி ஏழிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.
அவன் டீ வாங்க இறங்கிய நேரத்தில்
அந்த மூன்று தட்டை மட்டும் நறுக்கினேன்,
முன்னால் இருந்த மூச்சோடு சேர்த்து,
எட்டாம் பேடில் வைத்தேன்.
பெயர் கேட்டது.
எம் இ எஸ் ஏ ஐ.

மீசை என்று படிப்பான்.
படிக்கட்டும்.